கம்பம்மெட்டு ரோட்டுச் சாட்சி

வீரணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பீடி கிடையாது, வெற்றிலை கிடையாது, டீயில்கூடச் சர்க்கரை கம்மி. அப்படிப்பட்ட மனுஷனுக்குக் கஞ்சா வாடை அத்துப்படி. அரசாங்கம் கற்றுக்கொடுத்தது.

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கு ஏறும் சாலையில், மலை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. கேரளத்துக்குப் போகும் சரக்கைப் போலீஸ் மடக்குவதற்கு வாகான இடம். மேலே போய்விட்டால் வளைவு, கீழே விட்டால் ஊர். மடக்கியதும் எடை போட வேண்டும். வீரணனிடம் திராட்சை நிறுக்கும் தராசு இருக்கிறது. சாட்சி வேண்டும், வீரணனே இருக்கிறார். மோட்டார் ரூமில் நிழல், தொட்டியில் தண்ணீர், உட்காரக் கயிற்றுக் கட்டில். ஒரு குற்றத்தை முறைப்படி எழுதுவதற்கான சகல வசதிகளும் அந்தத் தோட்டத்தில் இருந்தன.

முதல் தடவை கூப்பிட்டபோது அவர் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நுரையோடு வந்து, காட்டிய பொட்டலத்தை மோந்து பார்த்து, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி போய்க் குளித்தார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். அதற்குப் பிறகு அந்த ரோட்டில் எந்தக் கேஸ் விழுந்தாலும் ஜீப் நேராக மோட்டார் ரூமுக்கு வந்தது.

மதுரைக் கோர்ட்டில் ஒரு வக்கீல் அவரைக் குடைந்திருக்கிறார்.

"கஞ்சா வாடைன்னு உமக்கு எப்படித் தெரியும்? பிடிப்பீரா?"

"இல்லீங்கய்யா. போன கேஸ்ல மோந்தேன்."

"போன கேஸ்ல எப்படித் தெரிஞ்சது?"

"அதுக்கு முந்தின கேஸ்ல மோந்தேன்."

நீதிபதி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைத்தார் என்று ஏட்டு ஞானசிகாமணி சொல்வார். சளி என்று வீரணன் சொல்வார்.

ஊரில் அவருக்கு 'சாட்சி' என்றே பெயர் விழுந்துவிட்டது. பத்திர ஆபீசுக்குக்கூட யார் யாரோ கூப்பிட்டார்கள். போகமாட்டார். "நமக்குக் கஞ்சா மட்டுந்தான்" என்பார். இதனால் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம், ஹெல்மெட் இல்லாமல் கம்பம் வரை போய்வரலாம்.

இதெல்லாம் அவர் மனைவி ஜக்கம்மாளுக்கு அடியோடு பிடிக்காது. போலீஸ் வந்தால் பொட்டலத்தைப் பிரிக்கும், மோந்து பார்க்கும், மாதிரி எடுக்கும், டீ குடிக்கும், போய்விடும். தூளும் விதையும் காகிதக் கப்பும் மோட்டார் ரூம் தரையில் கிடக்கும். கூட்டி அள்ளுவது ஜக்கம்மாள். "கள்ளனும் நம்ம வீட்டுலதான் தண்ணி குடிக்கான், போலீசும் நம்ம வீட்டுலதான் குடிக்குது. செம்பு கழுவுறது மட்டும் நான்" என்பாள்.

கிளை நறுக்கும் கவாத்து முடிந்து திராட்சைக் கொடி துளிர்த்திருந்த சமயத்தில் ஒருநாள் சுழற்காற்று அடித்து, தோட்டத்தின் மேற்கு மூலையில் பந்தலைத் தாங்கிய கல்தூண் ஒன்று சாய்ந்தது. கம்பிகள் தொங்கின. அன்று வீரணன் மதுரையில் சாட்சிக் கூண்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கேஸ் தள்ளிப்போனது. பஸ் ஏறி வந்து பார்த்தால், ஜக்கம்மாள் தனியாகக் கட்டை கொடுத்துப் பந்தலைத் தூக்கி நிறுத்தியிருந்தாள். அந்த மூலையில் மட்டும் பந்தல் கூரையில் பெரிய ஓட்டை விழுந்து வெயில் நேராக இறங்கியது.

"மதுரையிலயே ஒரு கட்டிலப் போட்டுச் சாட்சியா உக்காந்துக்கங்க. இங்கன எதுக்கு வாறீக?" என்றாள்.

அவர் அலுப்பில், "கோர்ட்டுல மரியாதையாக் கூப்பிடுறாக, போறேன்" என்று சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது.

அன்றோடு பேச்சு நின்றது. ஒரு வாரம் கழித்து யாராவது ஒருவர் இறங்கி வந்திருந்தால் சரியாகியிருக்கும். வரவில்லை. அப்புறம் அது பழகிப்போனது. சேதி ஏதும் இருந்தால் கன்றுக்குட்டியிடம் சொல்வார்கள். "ஏய், சோறு அடுப்பு மேல இருக்குன்னு சொல்லு." "ஏய், எனக்குப் பசிக்கலன்னு சொல்லு." கன்றுக்குட்டி இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். அந்த வீட்டில் உண்மையான சாட்சி அதுதான்.

இந்தக் காலத்தில்தான் மேற்கு மூலையில், வெயில் விழுந்த இடத்தில், செடிகள் முளைத்தன. இலை பல்லுப்பல்லாகச் செண்டுப்பூச் செடி மாதிரி இருந்தது. ஜக்கம்மாள் செண்டுப்பூப் போட்டிருக்கிறாள் என்று வீரணன் நினைத்தார். கேட்டிருக்கலாம். ஆனால் அதற்காகக் கன்றுக்குட்டியைத் தோட்டம் வரை ஓட்டிவர முடியாது. திராட்சைக்குத் தண்ணீர் திருப்பும்போது அங்கேயும் ஒரு பாத்தி கட்டித் திருப்பிவிட்டார். மிச்ச உரத்தையும் தூரில் போட்டார். பேசாவிட்டாலும் ஆம்பிளை அக்கறையாகத்தான் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியட்டும்.

ஜக்கம்மாளும் செடிகளைப் பார்த்தாள். புருஷன் தூண் விழுந்த குற்ற உணர்ச்சியில் பூச்செடி வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். மனசு கொஞ்சம் இளகியது. வாயை மட்டும் திறக்கவில்லை. களை எடுத்தாள். பூச்சி தெரிந்ததும் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தாள்.

இருவருடைய பிடிவாதத்திலும் செடி இடுப்பைத் தாண்டியது.

திராட்சையும் நன்றாக வந்தது. குலைகள் கறுத்துத் திரண்டு, பழுத்ததற்கு அடையாளமாகப் பழத்தின் மேல் சாம்பல் பூத்து நின்றன. போன போகம் முழுக்க மழைக்குப் போயிருந்தது. பழம் வெடித்து, சாறு ஒழுகி, குளவி மொய்த்து, வாங்க வந்த வியாபாரி வாசலோடு திரும்பியிருந்தார். இதுவும் போனால் பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைக்க வேண்டியதுதான். வீரணன் இதைக் கன்றுக்குட்டியிடம்கூடச் சொல்லவில்லை. உத்தமபாளையம் வியாபாரி அமானுல்லா மறுநாள் காலையில் வந்து வெட்டிக்கொள்வதாகப் பேச்சு. மேற்கே மலை உச்சியில் மேகம் கூடாரம் அடித்திருந்தது. மழை நாளைக்கு ஒருநாள் பொறுத்தால் போதும்.

சாயங்காலம் கடைசியாக ஒரு சுற்று வந்தார். மேற்கு மூலையில் செடிகளை ஒதுக்கிக்கொண்டு நடந்தபோது கையில் பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது. மோந்து பார்த்தார்.

மதுரைக் கோர்ட்டு வராண்டா கண் முன்னால் எழுந்து வந்தது.

இத்தனை வருஷம் அவர் மோந்ததெல்லாம் காய்ந்த சரக்கு. செடியாக அதைப் பார்த்ததே இல்லை. இப்போது பூ வைத்ததும் வாடை வந்துவிட்டது. சந்தேகத்துக்காக இன்னொரு தரம் மோந்தார். அதில் சந்தேகமே இல்லை.

ஜக்கம்மாள் தொட்டியில் பழம் அடுக்கும் கிரேட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நேராகப் போய் நின்றார். கன்றுக்குட்டி பக்கத்தில் இல்லை.

"அந்தச் செடிய நீயா வச்ச?"

அவள் நிமிர்ந்தாள். இத்தனை நாள் கழித்து முதல் பேச்சு இதுவா என்று முகத்தில் தெரிந்தது.

"நான் எதுக்கு வைக்கிறேன்? நீங்க வச்சீகன்னுல்ல களை எடுத்தேன்."

"நான் வைக்கலத்தா. நீ வச்சேன்னு தண்ணி பாய்ச்சினேன்."

"மருந்து வேற அடிச்சேனே."

"நான் உரம் போட்டேன்."

இருவரும் அந்த மூலையைப் பார்த்தார்கள். செடிகள் காற்றில் திருப்தியாக ஆடின.

"என்ன செடி அது?" என்றாள்.

"கஞ்சா."

ஜக்கம்மாள் கையிலிருந்த கிரேட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "கூட்டின குப்பைய அங்கனதான் கொட்டினேன்" என்றாள். "மோட்டார் ரூம் குப்பை. உங்க கூட்டாளிக சிந்தினது."

பிடுங்கிவிடலாம் என்றார் வீரணன். பிடுங்கி எங்கே போடுவது என்றாள் அவள். எரித்தால் ஊருக்கே வாடை போகும். வாய்க்காலில் விட்டால் மிதந்து ஊர்ப் படித்துறைக்குப் போகும். புதைத்தால் நாய் தோண்டும். அவர்கள் இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

"வீரணா, தராச எடு" என்று இறங்கும்போதே சொல்லிக்கொண்டு வந்தார் ஏட்டு ஞானசிகாமணி. ஓய்வுபெற ஒரு வருஷம்தான் இருந்தது. எதற்கும் அவசரப்படாத ஆள். பின்னால் புது எஸ்.ஐ. வினோத்ராஜ். சட்டையில் மடிப்புக் கலையாத வயது. ஜீப்புக்குள் பிடிபட்ட ஆட்டோக்காரன் ஒருவன் விலங்கோடு உட்கார்ந்திருந்தான்.

கட்டிலில் பொட்டலத்தை வைத்துப் பிரித்தார்கள். எஸ்.ஐ. செல்போனில் வீடியோவை ஓட்டினார். இப்போதெல்லாம் பறிமுதலைப் படம் பிடித்தே ஆக வேண்டும்.

"பெரியவரே, மோந்து பாருங்க."

வீரணன் குனிந்தார். மூக்கு வேலை செய்யவில்லை. பயத்தில் மூச்சே வரவில்லை.

எஸ்.ஐ. வீடியோவை நிறுத்தினார். "வாடை இங்கயே இவ்வளவு அடிக்குது. உங்களுக்கு வரலையா?"

"சார்" என்றான் ஜீப்புக்குள்ளிருந்து ஆட்டோக்காரன். "அது என் சரக்கு வாடை இல்ல சார். என்னுது ஆந்திரா, காஞ்சது. இது பச்சை."

"வாய மூட்றா."

"மூடுறேன் சார். ஆனா இதையும் என் கணக்குல ஏத்திராதீங்க."

ஞானசிகாமணி காற்றை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். பொட்டலத்தைப் பார்த்தார். வீரணன் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுக்குப் போய்ட்டு வாறேன் சார்" என்று பந்தலுக்குள் நுழைந்தார். திரும்பி வந்தபோது போன காரியம் முடிந்த முகமாக இல்லை. வீரணனைத் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"உள்ள என்னப்பா வச்சிருக்க?"

"செண்டுப்பூ ஏட்டய்யா."

"செண்டுப்பூவா?"

"இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் செண்டுப்பூவாத்தான் இருந்துச்சு."

ஞானசிகாமணி தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, "கர்த்தாவே" என்றார்.

சத்தம் கேட்டு எஸ்.ஐ.யும் வந்து செடிகளைப் பார்த்தார். அவருக்கு ரத்தம் சூடானது. பயிர் வைத்த கேஸ் அவர் இதுவரை போட்டதில்லை. தோட்டத்தை மறிக்கணும், யாரும் உள்ளே போகக் கூடாது என்று ஆரம்பித்தார். "காலையில திராட்சை வெட்டு இருக்குங்கய்யா" என்றார் வீரணன். "அதெல்லாம் ஆகாது" என்றார் எஸ்.ஐ.

அப்போதுதான் ஜக்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்தாள்.

"எது ஆகாது? ஒவ்வொரு தடவையும் இங்கன வந்து பிரிச்சு, சிந்தி, மோந்து, போட்டது போட்டபடி போயிர்றீக. கூட்டி அள்ளுறது நானு. எங்க தோட்டத்துல விதை போட்டது நீங்க. வெவசாயம் பண்ணினது வேணா நாங்க. யாரைப் பிடிக்கணும்னு யோசிச்சுப் பிடிங்க."

"அம்மா, நிலம் யாருதோ அவங்கதான் பொறுப்பு. சட்டம்."

"சார், ஒரு நிமிஷம்" என்றார் ஞானசிகாமணி. குரலைத் தாழ்த்தவில்லை, தாழ்த்த வேண்டிய வயதை அவர் கடந்திருந்தார். "இந்த ரோட்டுல நாம போட்ட அத்தனை கேசுக்கும் இவருதான் சாட்சி. நாளைக்கு இவர அக்யூஸ்ட் ஆக்கினா, மதுரையில வக்கீலுக என்ன கேப்பாக? கஞ்சா விளையுற தோட்டத்துல வச்சுத்தான் கஞ்சாவ நிறுத்தீகளா, எது பறிச்சது எது பிடிச்சதுன்னு கேப்பாக. எல்லாப் பயலும் வெளிய வந்துருவான்."

ஜீப்புக்குள்ளிருந்து ஆட்டோக்காரன் ஆவலோடு எட்டிப் பார்த்தான்.

எஸ்.ஐ. அடங்கிப்போனார். தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "பிடுங்கி எரிச்சா தடயத்தை அழிச்ச மாதிரி ஆயிரும் ஏட்டு."

"அழிக்க வேண்டாம் சார். இடம் மாத்துவோம். வாய்க்கால் கரை பொறம்போக்கு. கேட்பாரில்லாம நின்ன செடின்னு எடுத்துக்கிட்டுப் போயிருவோம். ஆனா வீடியோவுல செடி மண்ணுல நிக்கணும்."

"இப்ப வெளிச்சம் இல்ல."

"காலையில வெள்ளன வருவோம். வீரணா, அதுக்குள்ள நட்டு வைய்யி."

போகும்போது ஞானசிகாமணி ஆட்டோக்காரனிடம், "நீ ஒண்ணும் பாக்கல" என்றார்.

"நான் எதுக்குண்ணே பாக்குறேன்? அதுக்குத்தான் அவரு இருக்காருல்ல."

விடியும்போது புருஷனும் பெண்டாட்டியும் மண்வெட்டியோடு மேற்கு மூலையில் நின்றார்கள். வேரில் மண் உதிராமல் கட்டியாகப் பெயர்த்து, திராட்சைக் கிரேட்டில் வைத்துச் சுமந்து, வாய்க்கால் கரையில் நட்டார்கள். வீரணன் ஒவ்வொரு தூரையும் குதிகாலால் மிதித்து இறுக்கினார். வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினார். ஜீப்பிலிருந்து இறங்கிய ஞானசிகாமணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யப்பா, அது பொழைக்க வேண்டாம்ப்பா."

"வாடிப்போச்சுன்னா நட்டது தெரிஞ்சிருமே ஏட்டய்யா."

எஸ்.ஐ. கரையில் இறங்கிவந்து நின்றார். செடிகளைப் பார்த்தார். தலையில் கை வைத்தார்.

"என்ன இது, ரேஷன் கடை வரிசை மாதிரி?"

வீரணன் திரும்பிப் பார்த்தார். கயிறு கட்டி நட்டதுபோல ஒரே நேர்கோடு. செடிக்குச் செடி ஒரே இடைவெளி. அவருக்கு அதில் என்ன குற்றம் என்று புரியவே சற்று நேரம் ஆனது. தானாக முளைத்தது வரிசையில் முளைக்காது. பிடுங்கி மறுபடி நட்டார். இப்போது இரண்டு வரிசை ஆனது. வாழ்நாள் முழுக்கக் கயிறு பிடித்து நட்ட கை. கோணலாக நட அதற்குத் தெரியவில்லை.

"தள்ளுங்க" என்றாள் ஜக்கம்மாள். கண்ணை மூடிக்கொண்டு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குத்தினாள். ஒன்றைக் கல்லிடுக்கில் சாய்த்து வைத்தாள். கேட்பாரற்ற செடி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று யாரும் நம்புவார்கள். எஸ்.ஐ.கூட நம்பிவிடுவார் போலிருந்தது.

அதற்குள் மலையில் கூடாரம் அடித்திருந்த மேகம் பாதி இறங்கிவிட்டது. அதைப் பார்த்த அமானுல்லாவும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். எஸ்.ஐ. வீடியோவைத் தொடங்கிய அதே சமயம், வெட்டுக்காரப் பெண்களை ஏற்றிய மினி வேன் ரோட்டுத் திருப்பத்தில் வந்தது. தோட்டத்து வாசலில் போலீஸ் ஜீப். வேன் நின்றது. ஒரு கணம் யோசித்தது. பின்னால் எடுக்க ஆரம்பித்தது.

வீரணன் அதைப் பார்த்துவிட்டார். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த இடம் யாருக்குச் சொந்தமானது?"

வேன் பாதி திரும்பிவிட்டது. மலைப் பக்கமிருந்து ஈரக்காற்று ஒன்று வந்து சட்டையைத் தொட்டது. ஓடினால் வேனைப் பிடித்துவிடலாம். ஓடினால் படத்தில் சாட்சி ஓடுவது தெரியும்.

"பொறம்போக்குங்கய்யா."

"இந்தச் செடிகளை யார் வச்சது?"

அவர் இதுவரை எந்தச் சாட்சியிலும் பொய் சொன்னதில்லை. இந்தக் கேள்விக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"யாரும் வைக்கலைங்கய்யா. தானா வந்தது."

ஜக்கம்மாள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் ஓடினாள். வேனின் முன்னால் போய் இரண்டு கையையும் விரித்தாள்.

"என்னத்தா, தோட்டத்துல போலீசு?" ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார் அமானுல்லா. "சீல் வச்சுட்டானா? எனக்கு வம்பு வேண்டாம், நான் கோர்ட்டு வாசலையே மிதிச்சதில்ல."

"தோட்டத்துல என்ன பாய் இருக்கு? வாய்க்கால்ல எவனோ என்னமோ போட்டிருக்கான். எங்க வீட்டுக்காரக சாட்சிக்கு நிக்கிறாக."

அமானுல்லாவின் முகம் தெளிந்தது. "அட, சாட்சியா. அத மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் பயந்தே போனேன்." வேனுக்குள் திரும்பி, "ஒண்ணுமில்ல, வீரணண்ணே எப்பவும் போலத்தான். எறங்குங்க" என்றார்.

பெண்கள் கிரேட்டுகளை இறக்கினார்கள். ஜக்கம்மாள் ரோட்டிலேயே நின்று மூச்சு வாங்கினாள். எந்த வேலையைச் சொல்லி அவரோடு சண்டை போட்டாளோ, அந்த வேலையைச் சொல்லித்தான் வேனைத் திருப்பியிருந்தாள். யோசிக்கவே எரிச்சலாக இருந்தது.

வாய்க்கால் கரையில் எஸ்.ஐ. கடைசிக் கேள்விக்கு வந்திருந்தார். "மோந்து பாத்துச் சொல்லுங்க."

வீரணன் குனிந்து ஆழமாக இழுத்தார். இப்போது மூக்கு நன்றாக வேலை செய்தது.

"கஞ்சா வாடை அடிக்குதுங்கய்யா."

வெட்டு ஆரம்பித்து முதல் கிரேட் நிரம்பியதும் அமானுல்லா தராசைத் தேடினார். தராசு வாய்க்கால் கரையில் செடி நிறுத்துக்கொண்டிருந்தது. வீரணன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். தட்டில் ஒட்டியிருந்த ஓர் இலையை ஜக்கம்மாள் முந்தானையால் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல முதல் கிரேட்டை ஏற்றினாள். மழை மத்தியானம்தான் இறங்கியது. கடைசி இரண்டு வரிசை மாட்டிக்கொண்டது. பழம் வெடித்தது. குளவிக்கும் ஏதாவது வேண்டுமே என்றார் வீரணன். பந்தலைப் பிரிக்கிற எண்ணம் அவர் மனசுக்குள் மறுபடி எழவில்லை.

கேட்பாரில்லாத செடி, குற்றவாளி என்று யாரும் இல்லை என்பதால் அந்தக் கேஸில் யாரும் அவரை மதுரைக்குக் கூப்பிடவில்லை. மற்ற கேஸ்களுக்கு வழக்கம்போலப் போகிறார். ஜீப்பும் வருகிறது. ஆனால் இப்போது எடை முடிந்ததும் ஜக்கம்மாள் துடைப்பத்தோடு வந்து நிற்பாள். கட்டிலுக்கு அடியில் வரை கூட்டி, ஒரு விதை மிச்சமில்லாமல் காகிதத்தில் மடித்து, ஜீப்பின் முன்சீட்டில் வைப்பாள். "உங்க பொருளு. எண்ணிப் பாத்துக்கங்க." ஞானசிகாமணி அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வார்.

மேற்கு மூலையில் புதுத்தூண் நட்டாயிற்று. கொடி படர்ந்து ஓட்டையை மூடும் வரை அங்கே கொஞ்சம் வெயில் விழத்தான் செய்கிறது. ஒருநாள் வீரணன் அந்தப் பக்கம் போனபோது மண்ணைத் தள்ளிக்கொண்டு ஏதோ ஒன்று இரண்டு இலை விட்டிருந்தது. அதைத் தாண்டிப் போகாமல் நின்றார்.

"ஜக்கம்மா. ஏ ஜக்கம்மா."

"என்ன?"

"இங்கன ஒண்ணு மொளைச்சிருக்கு. நீயா?"

அவள் தோட்டத்தின் அந்தக் கோடியிலிருந்து சத்தமாகச் சொன்னாள்.

"நாந்தான். வெண்டைக்கா."

"சரி" என்றார். இருந்தாலும் குனிந்து ஒரு தரம் மோந்து பார்த்துக்கொண்டார்.